எண்பது ஆண்டாக ஊறும் பியூஸ்
ஜெர்மனியின் ஒரானியன்புர்கில் கடைக்கால் தோண்டுமுன் அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 1945 மார்ச் 15 அன்று அமெரிக்க விமானங்கள் போட்டவற்றில் பல, தாமதமாக வெடிக்கும் ரகம். வால்பகுதியில் இருக்கும் பியூஸ்தான், அதாவது குண்டை வெடிக்க வைக்கும் கருவிதான், தாமதத்தைத் தருகிறது. அதிலுள்ள கண்ணாடிக் குப்பி உடைந்து, உள்ளிருக்கும் அசிட்டோன் என்ற கரைப்பான் செல்லுலாய்டு எனும் பிளாஸ்டிக் வில்லையைக் கரைக்கும். வில்லை போனால் ஸ்பிரிங் ஊசி அடிக்கும், குண்டு வெடிக்கும். ஆனால் அங்கே மேல்மண் இளகல், அடியில் கெட்டிச் சரளை. குண்டு திரும்பி மூக்கை மேலே நீட்டி நின்றுவிட்டது. அசிட்டோன் கீழே வழிய, வில்லைக்கு ஆவிதான் கிடைத்தது. இப்போது செல்லுலாய்டே நைந்துவிட்டது. யாரும் தொடாமலே வெடிக்கலாம். பியூஸைத் திருகிக் கழற்றலாமே என்றால், பலவற்றில் அதற்கும் பொறி வைத்திருக்கிறார்கள், பாவிகள்! 2010இல் கோட்டிங்கனில் இதே ரகம் மூன்று நிபுணர்களைக் கொன்றது, செயலிழக்க வைக்கும் வேலை தொடங்குமுன்பே.