கிருமி புகாத செல்லும் ஏன் சாகிறது? நெட் தேர்வுக்கு ஹெச்ஐவி படித்த அனுபவம்

சிஎஸ்ஐஆர் நெட் என்ற தகுதித் தேர்வில் லைஃப் சயின்ஸ் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி பகுதியில் 75 கேள்விகளில் 25க்குப் பதில் எழுதினால் போதும். சரியென்றால் 4 மதிப்பெண், தப்பென்றால் 1 கழியும். அரைகுறையாகத் தெரிந்த பாடம்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கும். எனக்கு அப்படிப்பட்ட பாடம் ஹெச்ஐவி.

கோவையில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். டான்சில் (தொண்டைச் சதை) திசுவில் ஹெச்ஐவி சேர்த்தால், சாகும் சிடி4 செல்களில் (நோய் எதிர்ப்பை நடத்தும் ஒருவகை டி செல்கள், அதாவது வெள்ளணுக்கள்) பெரும்பகுதி எந்த வழியில் சாகின்றன என்று ஒரு கேள்வி. வைரஸ் உள்ளே போகும், பெருகும், செல் சாகும் என்று ஒரே கோடாகப் படித்திருந்தேன். யோசிக்காமல் அப்பாப்டோசிஸ், அதாவது செல் சத்தமில்லாமல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது என்று குறித்தேன். தப்பு.

பொங்கல் லீவுக்குக் கோபி பக்கம் அமுச்சி, அதாவது பாட்டி வீட்டுக்குப் போனேன். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். கிழங்கைத் தள்ளிவிட்டபடியே, "என்ன கண்ணு படிக்கற? சத்தமாச் சொல்லு, கேக்கலாம்" என்றார் அமுச்சி. சிடி4 செல்களை உடம்புக்குள் இருக்கும் காவல்காரர்கள் என்று ஆரம்பித்து, அந்தக் காவல்காரர்களில் பெரும்பாலானோர் குடலில்தான் இருக்கிறார்கள் என்பது வரை சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார்: "கிருமி புடிச்ச காவக்காரன் சாவறான், செரி. புடிக்காதவன் எதுக்குச் சாவோணும்?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி இந்த ஒரு கேள்வியைத் தாளின் தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பாடத்தை முதலிலிருந்து படித்தேன்.

1998ல் எஸ்ஐவி (குரங்குகளில் காணும், ஹெச்ஐவிக்கு உறவான வைரஸ்) தொற்றிய ரீசஸ் குரங்குகளில் பார்த்தார்கள்: ரத்தத்தில் பெரிய மாற்றம் தெரியும் முன்பே, சில நாட்களிலேயே குடலின் சிடி4 செல்கள் அழிந்துவிட்டன. குடலில் இருப்பவை பெரும்பாலும் சிசிஆர்5 என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்திய நினைவுச் செல்கள் (முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருப்பவை). வைரஸுக்கு வேண்டிய வாசல் அதுதான். இந்த முதல் அடியில் வைரஸ் நேரடியாகப் புகுந்து கொல்வதும் நிறைய நடக்கிறது.

அடுத்தது அழற்சியின் வேலை. சிடி4 செல்களில் ஒரு வகையான, குடல் சுவரைக் காக்கும் டிஹெச்17 செல்கள் குறைந்ததும் சுவர் ஒழுகுகிறது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எல்பிஎஸ் என்ற பொருள் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது; நாள்பட்ட ஹெச்ஐவி நோயாளிகளிடம் இதை 2006ல் காட்டினார்கள். எல்பிஎஸ் வந்தால் அழற்சி கூடும், அழற்சியால் இன்னும் டி செல்கள் தூண்டப்படும், தூண்டப்பட்ட செல்தான் வைரஸுக்கு நல்ல இரை.

டான்சில் கேள்விக்கான விடைக்கு வருகிறேன். ஓய்விலிருக்கும் செல்லுக்குள் வைரஸ் புகுந்தாலும் பெருக முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த அரைகுறை வைரஸ் டிஎன்ஏவை ஐஎஃப்ஐ16 என்ற உணரிப் புரதம் மோப்பம் பிடிக்க, காஸ்பேஸ்-1 என்ற நொதி கிளம்பி, செல் வெடித்துச் சாகிறது. இதுதான் பைரோப்டோசிஸ். வெளியே கொட்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் அழற்சியை வளர்க்க, அங்கே வந்து சேரும் புதுச் செல்களும் மாட்டுகின்றன. டான்சில், மண்ணீரல் திசுக்களில் சாகும் சிடி4 செல்களில் 95 சதவீதத்துக்கும் மேல் இந்த வழியில் சாகின்றன என்பது 2014ல் அச்சான ஆய்வு. வைரஸ் நன்றாகப் பெருகும் சிறு பகுதிச் செல்கள்தான் காஸ்பேஸ்-3 என்ற வேறொரு நொதி வழியாக அப்பாப்டோசிஸில் சாகின்றன. ஆனால் இந்த 95ஐ அப்படியே குடலுக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேள்வியில் எந்தத் திசு என்று இருக்கிறதோ, அதை முதலில் அடிக்கோடிடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இன்டர்லூகின்-7. செல் உயிரோடு இருக்க இந்தச் சமிக்ஞை வேண்டும். நீடித்த அழற்சியில் டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் கூடி, நிணத் திசுவில் கொலாஜன் என்ற நார்ப் புரதம் படிந்து தழும்பாகிறது. இன்டர்லூகின்-7 தரும் வலைச் செல்களும் குறைந்துபோகின்றன. வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடைப் பயிர் காய்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அமுச்சியின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்: அந்தக் காவல்காரனை யாரும் தொடவில்லை, அவனுக்குச் சோறு போய்ச் சேரவில்லை.

எஸ்ஐவி இயல்பாகவே தொற்றும் சூட்டி மாங்கபே என்ற ஆப்பிரிக்கக் குரங்கைக் கட்டாயம் படியுங்கள். அதன் உடம்பில் வைரஸ் ஏராளம், தொடக்கத்தில் குடலின் சிடி4 செல்களும் குறைகின்றன. ஆனாலும் பெரும்பாலும் எய்ட்ஸ் வருவதில்லை. டிஹெச்17 தப்பிக்கிறது, குடல் சுவர் நிற்கிறது, அழற்சி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. "செல் இழப்பு மட்டுமே நோய்க்குப் போதும்" என்று ஒரு கூற்று வந்தால், இந்தக் குரங்கை வைத்தே அதை அடித்துவிடலாம்.

குறிப்பு எடுக்கும்போது கோடாக எழுதாமல் வட்டமாக வரையுங்கள்: செல் சாவு, சுவர் ஒழுகல், எல்பிஎஸ், அழற்சி, மறுபடி செல் சாவு. ஒவ்வொரு அம்புக்கும் மேலே "யார் சாகிறார், எதனால்" என்று எழுதுங்கள். வட்டத்தின் எந்த இடத்தை ஏஆர்டி (ஹெச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) வெட்டுகிறது என்றும் குறியுங்கள். வைரஸ் பெருகுவதை அது நிறுத்துகிறது, ரத்தத்தில் சிடி4 ஏறுகிறது. குடலில் அந்த மீட்சி மெதுவாகத்தான் வருகிறது, பலருக்கு முழுதாக வருவதுமில்லை. படிந்த கொலாஜனும் லேசில் கரைவதில்லை. அதனால் கேள்வியில் "சிடி4 எண்ணிக்கை" என்று பார்த்தால், ரத்தத்திலா குடலிலா என்று தேடிவிட்டுப் பேனாவை எடுங்கள்.