அப்பளம் நமுக்காத ஊர்

பொங்கல் முடிந்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் கிளம்பினேன். அக்காவை அங்கே கட்டிக்கொடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாமாவுடையது புதுச்சேரி குருசுக்குப்பத்து சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர் மாமாவின் தாத்தா.

எங்கள் ஊர் கடலூரில் குளிருக்குத் துணி வாங்குவது கோடையில் பனங்கிழங்கு தேடுவது போல. கடைசியில் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் இரண்டு ஸ்வெட்டர் கிடைத்தது. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி கனம். "மார்கழியில நான் பாக்காத பனியா?" என்றாள் அம்மா. எங்கள் கடற்கரைத் தேவனாம்பட்டினத்து மார்கழி விடியல்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதை அவளிடம் யார் சொல்வது!

அந்த ஸ்வெட்டர்கள் அங்கே எதற்கும் உதவவில்லை. தெருவில் 3 டிகிரி, மெட்ரோவுக்குள் வியர்க்கிறது. கனமாக ஒன்றைப் போட்டால் கழற்றவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதற்கு மேல் மெல்லிசாக ஒன்று, அப்புறம் காற்றைத் தடுக்கும் கோட் என்று வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் போடச் சொன்னாள் அக்கா. அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறதாம். அம்மா புடவைக்கு உள்ளே தெர்மல் பேன்ட் போடச் சம்மதித்தாள். மெட்டியைக் கழற்ற மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. ஒரு வாரத்தில் மூன்று ஜோடி சாக்ஸ் ஓட்டை.

குளிரை இப்படிச் சமாளித்தோம். நேரத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் காலை ஆறு என்றால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. முதல் நாள் ஒன்றரைக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் அம்மா ஃபில்டரில் டிகாஷன் இறக்கிவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று விடியலுக்காகக் காத்திருக்கிறாள். "இன்னும் ஏழு மணி நேரம் இருக்கும்மா" என்றேன். நம்பவில்லை. ஜனவரி மூன்றாம் வாரத்தில் அங்கே எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன். கடலூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. பாரிஸில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய எட்டு மணி நேரம். அக்கா பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்கூடம் போவதைப் பார்த்து, "டியூஷனுக்கா போவுது?" என்று கேட்டாள் அம்மா. மதியம் தூங்காமல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் நடக்க வைத்தோம். ஐந்தாம் நாள்தான் வழிக்கு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை என் தலையணையில் ரத்தம். மூக்கிலிருந்து. பயந்துபோய் அக்காவை எழுப்பினேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஷோஃபாஜ்டா, எல்லாருக்கும் வரும்" என்று வாஸ்லினைக் கையில் கொடுத்தாள். ஷோஃபாஜ் என்றால் சுவரில் பதித்திருக்கும் ஹீட்டர். குளிர்ந்த காற்றில் ஈரம் அதிகம் தங்காது. பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். அதையே வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 கிராம் கொள்ளும். இருப்பதோ அதே 5. மீதிக்கு உதடு, மூக்கு, குதிகால் என்று ஈரம் இருக்கும் இடத்தில் எல்லாம் கை வைக்கிறது. அம்மாவின் குதிகால் வயல் வெடிப்பாகிவிட்டது. ஹீட்டர் மேல் ஈரத்துணி போட்டு, கட்டிலடியில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்த பிறகு எனக்கு மூக்கு வலி நின்றது.

நான் பிறந்ததிலிருந்து கடலூர் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பவன். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைத்தாலும் கசியும். பொரித்த அப்பளம் பந்தி முடிவதற்குள் நமுத்துவிடும். அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பொரித்த அப்பளம் மூடாத தட்டில் கிடந்தது. புதன்கிழமை எடுத்துக் கடித்தேன். படக்கென்று உடைந்தது. எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

ஈரத்துக்கு அந்த வீட்டில் குளியலறையிலும் இடமில்லை. தரையில் தண்ணீர் போக ஓட்டையே கிடையாது. தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். தலைக்குக் குளிக்கிறேன் என்று அம்மா பக்கெட்டைத் தரையில் வைத்து மொண்டு ஊற்றிவிட்டாள். தண்ணீர் கதவிடுக்கு வழியாக ஹால் மரத்தரைக்கு வந்து, சோபாவைச் சுற்றி நின்றது. மாமா ஒரு வார்த்தை பேசாமல் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு துடைத்தார். அது இன்னும் சங்கடம்.

மாவு பொங்காத கதையும் உண்டு. அம்மா கம்பளி போர்த்திப் பார்த்தாள், அசையவில்லை. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் புளிக்கும் என்று அக்காதான் காட்டினாள். அந்தச் சின்ன பல்பின் சூடே போதுமானதாக இருக்கிறது.

வெளியே எனக்கு ஒரே ஒரு அவமானம்தான். பேக்கரியில் நேராகப் போய் ரொட்டியைக் காட்டினேன். அந்தம்மா என்னைத் தாண்டிப் பின்னால் நின்றவரைப் பார்த்துப் புன்னகைத்தார். உள்ளே நுழைந்ததும் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லியாக வேண்டுமாம். சொல்லாமல் கேட்டால், கல்யாண வீட்டில் யாரையும் விசாரிக்காமல் பந்தியில் உட்காருவது மாதிரி. மறுநாள் சொன்னேன், ரொட்டி சூடாகவே வந்தது. சாலையைக் கடக்கும்போது வண்டி இடப்பக்கமிருந்து வரும் என்பதுதான் கடைசி வரை மனதில் ஏறவில்லை. மாமா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே திரிந்தார்.

ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காயெண்ணெய் அங்கே போன முதல் நாளே கல்லாகிவிட்டது. அம்மா ஹேர்பின்னால் சுரண்டித்தான் தலைக்குத் தேய்த்தாள். கிளம்பும்போது பாதி மிச்சம். "வீணாக்குவானேன்" என்று பெட்டியில் திணித்தாள். கட்டிதானே, சிந்தாது என்று மூடியை யாரும் இறுக்கவில்லை. சென்னை விமான நிலையக் கதவு திறந்ததும் அந்தப் புழுக்கம் முகத்தில் அப்பியது. உதட்டை நக்கினால் உப்பு. களைப்பில் பெட்டியைப் பிரிக்காமல் கூடத்திலேயே போட்டுவிட்டுப் படுத்தோம். விடிந்து திறந்தபோது சண்டே மார்க்கெட் ஸ்வெட்டர் இரண்டும் எண்ணெயைக் குடித்துவிட்டு மினுமினுத்தன.