பதிவேட்டின் கடைசிக் கட்டம்

தஞ்சைப் பக்கம் ஒரு தாலுகா ஊர். அங்கிருந்த அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த அன்று, அலுவலக உதவியாளர் அண்ணன் முதலில் காட்டியது ஒரு இரும்பு பீரோவைத்தான். திறந்ததும் அந்துருண்டை வாசனை. உள்ளே அட்மிஷன் ரிஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். "இதுல ஒரு வரியைக் கரையான் தின்னா, யாரோ ஒருத்தருக்கு வயசே இல்லாமப் போயிரும் சார்" என்றார்.

பள்ளியின் வரலாறு என்று ஆண்டு மலரில் போடுவார்கள்: யார் அடிக்கல் நாட்டினார், எந்த அமைச்சர் திறந்து வைத்தார் என்று. எனக்கு வரலாறு கிடைத்தது அந்த பீரோவில். பழைய ரிஜிஸ்டர்களில் ஜில்லா போர்டு முத்திரை, நீல மையில் சாய்வான ஆங்கிலம். ஆறாம் வகுப்பு அப்போது முதல் பாரம். ஆறாம் பாரம் முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகுதான் மீசை முளைத்த பையன்கள் பதிவேட்டுக்குள் வருகிறார்கள்.

ஒவ்வொரு வரியிலும் நான் முதலில் பார்ப்பது கடைசிக் கட்டத்தை: நீங்கிய காரணம். 'தொடர்ந்து வராமையால் பெயர் நீக்கம்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். பள்ளி மதிய உணவு 1956-லேயே வந்துவிட்டாலும், 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குச் சத்துணவு விரிந்தது 1984-ல்தான். அதற்கு முன்பு ஒன்பதாம் வகுப்புப் பையன் மதியம் என்ன தின்றான் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. அறுவடைக் காலத்தில் காணாமல் போனவர்களை எண்ணினால் ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

என் காலத்துப் பையன்கள் ஆபீசுக்கு வந்தது பஸ் பாஸுக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு, டி.சி.க்கு. ஒரு வருடம் பஸ் பாஸ் போட்டோக்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். முப்பது பையன், முப்பது முகம், சட்டை மட்டும் ஒன்று. நீலக் கட்டம், இடது காலரில் ஒரு மடிப்பு. "ஏன்டா, யூனிபார்ம் எடுத்தியா?" என்று ஒருவனைக் கேட்டேன். "ஒருத்தன் சட்டைதான் சார் நல்லா இருந்துச்சு" என்றான். ஸ்டுடியோ வாசலில் வரிசையாக நின்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சட்டைக்காரன் போட்டோவில் மட்டும் அது கசங்கியிருந்தது. அவன் கடைசியாக எடுத்திருக்க வேண்டும்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயர், ஒரே இன்ஷியலில் இரண்டு பையன்கள். ஒருவன் டி.சி.யில் மற்றவன் பிறந்த தேதியை எழுதிவிட்டேன். ஐ.டி.ஐ. சேர்க்கைக்குப் போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றவன் என்னைத் திட்டவில்லை. "அவசரம் சார்" என்று மட்டும் சொன்னான். அதிலிருந்து எந்தத் தேதியையும் ஸ்கேல் வைத்துத்தான் படிப்பேன்.

2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2024-ல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு உதவித்தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. கல்லூரிக்குப் போன பையன்கள், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன் என்று எழுதிக் கேட்டு வந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்ததைச் சொல்லக் கூசியவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். எனக்கு வேலை கூடியதுதான், ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கப் பிடித்திருந்தது.

ஒரு பெரியவர் நினைவிலேயே இருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போக பாஸ்போர்ட் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் 77 புயலில் கூரையோடு போய்விட்டதாம். 1952 ரிஜிஸ்டரைப் பிரித்து ஜூன் 1 என்று காட்டினேன். சிரித்தார். "நான் பொறந்தது ஐப்பசி அடைமழையில, தம்பி. வாத்தியார் ஜூன்னு போட்டுட்டார்."

நான் சான்றை எழுதி முடித்தும் அவர் விரலை எடுக்கவில்லை. விரல் அடுத்த வரிக்கு நகர்ந்திருந்தது. "இவன் என் பக்கத்துல உக்காந்திருந்தவன். எங்க போனான்னு போட்டிருக்கா?"

கடைசிக் கட்டத்தைப் படித்துச் சொன்னேன்: டி.சி. வாங்காமல் நின்றவர்.