செம்பனைக்குள் சுட எந்த வாட்?

ஜொகூரில் லாபிஸ் பக்கம் காட்டுப்பன்றி சுடப் போகிறவர்களிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் பொழுது விடிய விடியப் பேசுவார்கள். தோட்டாவுக்குள் இருக்கிற வாட் பிளாஸ்டிக்கா, மண்ணில் மக்கிப்போகும் நாரில் செய்த ஃபைபரா என்று கேட்டால் மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்திருப்பார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் செம்பனைக்குள் சுட ஃபைபர் தாராளமாகப் போதும், மாடு மேய்கிற தோட்டம் என்றால் ஃபைபர் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

வெடிமருந்துக்கும் ரவை என்கிற சின்னச் சின்ன உலோகக் குண்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் வாட். மருந்து எரிந்து கிளம்பும் வாயு ரவைகளுக்கு இடையில் புகுந்து வீணாகாமல் அடைத்து, மொத்த ரவையையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தோட்டாக்களில் கம்பளி ஃபெல்ட், அட்டை, கார்க் என்று இருந்தது. 1960-களில்தான் பிளாஸ்டிக் பரவியது. ஒரே வார்ப்பில் செய்த வாட்டோடு வின்செஸ்டர் ஏஏ தோட்டா வந்தது 1965-இல்.

சுட்ட பிளாஸ்டிக் வாட் ஒன்றை மட்டைக் குவியலில் இருந்து எடுத்துப் பார்த்தால் எல்லாம் புரியும். மேலே கிண்ணம், அது நாலு இதழாகக் கிழிந்து விரிந்திருக்கும், இதழின் உள்பக்கம் ரவை அழுத்திய குழிகள் வரிசையாகத் தெரியும், நடுவில் நசுங்கிப்போன கால், அடியில் புகை படிந்த வட்டம். அந்தக் கிண்ணம்தான் பிளாஸ்டிக்கின் பலம். ரவை குழலில் உரசாமல் உருண்டையாகவே வெளியே போகும், அதனால் சிதறாமல் நேராகப் போகும். ஃபைபர் வாட்டில் கிண்ணம் கிடையாது, ஓர ரவைகள் குழலில் தேய்ந்து தட்டையாகி விலகிப் போகும், ரவை போய் விழும் வட்டம் கொஞ்சம் அகலமாக இருக்கும்.

சரி, அந்த வித்தியாசம் நமக்கு எவ்வளவு தூரத்தில் தெரியும்? செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் முக்கோணமாக நடுகிறார்கள். மூன்று மரம் தள்ளி என்றால் 27 மீட்டர், நாலு மரம் என்றால் 36. பிளாஸ்டிக் கிண்ணத்தின் நன்மை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதே அதற்கு அப்பால்தான். தொங்குகிற மட்டைக்கும் ஆளுயரப் புல்லுக்கும் நடுவில் நாலு மரத்துக்கு அப்பால் அசைவது பன்றியா, மாடா, குலை வெட்டுகிற ஆளா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. சுடவே கூடாத தூரத்துக்காக எதற்குக் காசு கொடுப்பது?

மாட்டுக் கதை தனி. எங்கள் பக்கத்தில் செம்பனைக்கு அடியில்தான் மாடு மேய்கிறது. எங்கள் மாமா, பிளாஸ்டிக் கயிறு தின்று வயிறு உப்பிச் செத்த மாட்டை அறுத்துப் பார்த்தவர், வாட் ஒன்றைக் கையில் கொடுத்ததும் கேட்டார்: “இதையா தம்பி புல்லுல போட்டுட்டு வர்றீங்க? மாட்டுக்கு என்னடா தெரியும், மூக்குல இடிச்சா மென்னுடும்.” இங்கிலாந்தில் பல நிலக்காரர்கள் ஃபைபர் தோட்டா இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்வதற்கு ஆடுமாடும் ஒரு காரணம். அங்கே 2020-இல் ஒன்பது வேட்டை அமைப்புகள் சேர்ந்து, வேட்டைத் தோட்டாக்களில் ஈயத்தையும் ஒருமுறைப் பிளாஸ்டிக்கையும் ஐந்து வருடத்தில் விட்டுவிடுவோம் என்று அறிவித்தன. ஃபைபருக்கு மாறினாலும் ஈயம் அப்படியே மண்ணில்தான் கிடக்கும், அது வேறு வழக்கு.

ஃபைபரிலும் குறை உண்டு. ரவை நேரடியாக உரசுவதால் குழலில் ஈயம் படியும், வெண்கலப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் இழுக்கும், அதனால் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்க வேண்டும். எஃகு ரவை என்றால் பேச்சே இல்லை, கிண்ணம் இல்லாமல் சுட்டால் குழல் கீறிப் போகும். பறக்கவிடும் களிமண் தட்டுச் சுடும் மைதானத்தில் பிளாஸ்டிக் இருந்துவிட்டுப் போகட்டும், விழுவது ஒரே இடத்தில், பெருக்கி அள்ளிவிடலாம். காகம் சுடுகிறார்களே, கிள்ளான் மாதிரி ஊர்களில், அங்கே வாட் போய் விழுவது கால்வாயிலும் ஐந்தடி என்கிற கடை முன் நடைபாதையிலும்தான். அங்கேயும் ஃபைபர்தான் நியாயம்.

வாட்டை நாமே மாற்றிக்கொள்ளலாமே என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். வேண்டாம் ராஜா. அனுமதி இல்லாமல் வீட்டில் தோட்டா நிரப்புவது குற்றம், 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தோடு விளையாடினால் லைசன்ஸ் போவது மட்டும் இல்லை, ஆளும் உள்ளே போக வேண்டியிருக்கும். கடையில் கிடைப்பதில்தான் தேர்ந்தெடுக்க முடியும், கடையில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் அடுக்கியிருக்கும். பெட்டியில் ஃபைபர் அல்லது ஃபெல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் கடை முதலாளி தவுக்கே தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். லைசன்ஸ் வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டால் அடுத்த சரக்கில் வரவழைத்துவிடுவார்.