அழித்துவிட்டோம் என்று எழுதிய மெயில்

ஃபோனுக்கு ஆப் எழுதுவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் நான் இருந்த சிறிய டீம், மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றைச் செய்தது. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, போட்டாயிற்றா இல்லையா, அவ்வளவுதான்.

ஒரு நாள் ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். ஆப்பை எடுத்துவிட்டேன், என்னைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். அந்த வேலை என்னிடம் வந்தது. டேட்டாபேஸில் அவருடைய பதிவுகளைத் தேடி அழித்தேன். பேக்கப்பில் இருப்பது எப்போது போகும் என்றும் பார்த்துக்கொண்டேன். "உங்கள் தகவல்கள் முழுவதும் அழிக்கப்பட்டன" என்று பதில் போட்டேன். நம்பித்தான் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஃபோனுக்கும் இணையத்துக்கும் நடுவில் போகிற தகவலைக் காட்டும் பிராக்சி ஒன்றை வைத்து, ஆப் எங்கெங்கே பேசுகிறது என்று பார்த்தேன். முதல் திரை முழுதாக வருவதற்குள்ளேயே இரண்டு கோரிக்கைகள் வெளியே போயிருந்தன. இரண்டும் எங்கள் சர்வருக்குப் போகவில்லை. எந்த விளம்பரத்தைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள் என்று கணக்கிட, ஒரு பெரிய நிறுவனத்தின் எஸ்டிகேயை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பை, ஆப்பில் சேர்த்திருந்தோம். அதுதான் அனுப்பிக்கொண்டிருந்தது: ஃபோன் மாடல், மொழி, நேர மண்டலம், விளம்பர ஐடி (விளம்பரத்துக்காக ஃபோனுக்குத் தரப்படும் அடையாள எண்). சரி, இது தெரிந்ததுதானே என்று நினைத்தேன். அப்புறம் சோதனைக்கு ஒரு மாத்திரையைச் சேர்த்தேன். மூன்றாவது கோரிக்கை போனது. அதில் 'மருந்து சேர்க்கப்பட்டது' என்ற நிகழ்வு, கூடவே மருந்தின் வகை: மனச்சோர்வுக்கானது.

அந்த வரியை எழுதியவன் நான். எந்த வகை மருந்துக்கு ஆப்பை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்வதற்காக, எங்கள் சர்வருக்குப் போகும் என்று எண்ணி எழுதியது. பல மாதம் கழித்து எஸ்டிகே வந்தபோது, அதையும் அதே ஃபங்ஷனில் இணைத்துவிட்டோம். ஒரே ஒரு வரி மாற்றம். அந்த நிரலைச் சரிபார்த்தபோது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

"பேர் எதுவும் போகவில்லையே" என்றார் மேனேஜர். பெயர் தேவையே இல்லை. 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேருடைய தேடல்களை, பெயருக்குப் பதிலாக எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்கு உரியவரைத் தேடல்களை வைத்தே கண்டுபிடித்து அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விளம்பர ஐடியும் அப்படி ஓர் எண்தான். ஒரே ஃபோனில் இருக்கும் எத்தனையோ ஆப்கள் அதே எண்ணைத்தான் அனுப்புகின்றன. எங்களுக்குத் தெரிவது ஒரு மாத்திரை மட்டும். எல்லா ஆப்களிலும் தன் எஸ்டிகேயை வைத்திருப்பவருக்குத் தெரிவது ஒரு மனிதரின் முழு நாள்.

எஸ்டிகேயை எடுத்துவிடலாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை, ஆனால் எடுக்கவும் முடியவில்லை. அது இல்லாமல் விளம்பரம் போட்டால் யாரிடம் காட்டுவது என்று அந்த நிறுவனத்தின் இயந்திரத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு புதிய பயனருக்கும் ஆகும் செலவு ஏறிவிடும். சின்ன டீம் தாங்காது. இந்த நிறுவனங்களின் பலம் என்று நான் சொல்வது இதைத்தான். அவர்கள் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான டெவலப்பர்கள் நாங்களே கதவைத் திறந்து வைக்கிறோம்.

2021 ஏப்ரலில் ஆப்பிள், மற்ற ஆப்களில் உங்களைப் பின்தொடர இந்த ஆப்பை அனுமதிக்கலாமா என்று ஆப்கள் பயனரிடமே கேட்க வேண்டும் என்று வைத்தது. அந்த மாற்றத்தால் 2022இல் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் குறையலாம் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா சொன்னது. கேட்டால் மக்கள் வேண்டாம் என்பார்கள் என்று இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டுமா? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கவும் இன்னொரு பெரிய நிறுவனம்தான் வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

கடைசியில், மருந்தின் வகையை அனுப்பும் வரியை எடுத்தோம். பயனர் சம்மதித்த பிறகே எஸ்டிகே இயங்கும்படி மாற்றினோம். அதற்கே நிறைய வாதாட வேண்டியிருந்தது.

அந்த மெயிலுக்கு மட்டும் கணக்குத் தீரவில்லை. 2018 மே முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியச் சட்டமான ஜிடிபிஆரின் 19ஆம் பிரிவைப் படித்தேன். ஒருவர் அழிக்கச் சொன்னால், அவர் தகவலை யாருக்குக் கொடுத்தோமோ அவர்களுக்கும் கூடியவரை தெரிவிக்க வேண்டும் என்கிறது. நாங்கள் தெரிவித்தோம். தானாக அனுப்பப்படும் ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு இரண்டாவது மெயில் எழுதினேன். முதலில் சொன்னது தவறு, இன்னின்ன தகவல் இன்னாருக்குப் போயிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. அவர் திட்டவில்லை. அங்கே அழிக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த நிறுவனத்தின் படிவத்துக்கான சுட்டியை அனுப்பினேன்.

மறுநாள் திரும்ப எழுதினார். அந்தப் பக்கம் முதலில் லாகின் செய்யச் சொல்கிறதாம். அவருக்கு அங்கே கணக்கே இல்லை.