சினிமா ஈஸ்வரியும் அம்மன் ஈஸ்வரியும்

அப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கந்தூரி, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் சவுக்குக் கழியில் ஏறும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் கடையில் ஒரு வேலை இருக்கும். திரும்பி வந்த ரிக்கார்டுகளைத் துணியால் துடைத்து, உறையில் போட்டு, அதனதன் தகரப்பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டி மூடிகளில் அப்பா சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார். ஒன்றில் ‘ஈஸ்வரி சினிமா’. இன்னொன்றில் ‘ஈஸ்வரி அம்மன்’.

இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருத்தர் ‘எலந்தப்பழம்’ பாடியவர். மற்றவர் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ‘செல்லாத்தா’ என்று கூப்பிட்டு ஊரையே சிலிர்க்க வைப்பவர். நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன்.

“ரெண்டும் ஒரே அம்மாதான் பாப்பா. அவங்க முழுப் பேரு தெரியுமா? லூர்து மேரி ராஜேஸ்வரி.”

அன்றைக்கு வந்த ஆச்சரியம் இன்னும் எனக்குப் போகவில்லை.

எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மா சினிமாவில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில்தான் தொடங்கினார். 1954-இல் வந்த ‘மனோகரா’வில் அவர் குரல் பத்தோடு பதினொன்றாக இருக்கிறது. 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில்தான் கே.வி.மகாதேவன் அவரைத் தனியாகப் பாட வைத்தார். எம்.எஸ்.ராஜேஸ்வரி ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்ததால் இவர் ஈஸ்வரி ஆனார். அப்புறம் 1961-இல் ‘பாசமலர்’. ‘வாராய் என் தோழி’ இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணும் மணமேடைக்கு வந்ததில்லை. கடையிலேயே அதிகம் தேய்ந்த ரிக்கார்டு அதுதான். வைகாசி முகூர்த்தங்களுக்கென்று அப்பா இரண்டாவது தட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதாநாயகி உருகி அழுகிற பாட்டென்றால் பெரும்பாலும் சுசீலாவுக்குப் போகும். ஈஸ்வரிக்கு கிளப் டான்ஸும் கேலிப்பாட்டும். அவற்றை அவர் அசாத்தியமாகப் பாடினார். சிரிப்பு, பெருமூச்சு, கொஞ்சல் எல்லாவற்றையும் தாளத்துக்குள் இம்மி பிசகாமல் உட்கார வைப்பார். ஆனால் அந்தக் குரலுக்கு அது மட்டுமா வரும்? வி.குமார் இசையில் 1972-இல் வந்த ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாட்டைக் கேளுங்கள். குரலை ரகசியம் பேசுகிற அளவுக்கு இறக்கிவிட்டு, அங்கேயே நின்று பாடுகிறார். சுருதி அசையவில்லை. இந்த மாதிரி இன்னும் முப்பது பாட்டாவது அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு சங்கீதம் தெரியாது. ஆம்ப்ளிபயர் குமிழ் தெரியும். ‘காதோடுதான்’ போடும்போது குமிழைக் கூட்டுவார், ‘செல்லாத்தா’ வந்தால் சட்டென்று குறைப்பார். அதே குமிழ், அதே குரல். “இல்லேன்னா குழாய் கிழிஞ்சிடும் பாப்பா” என்பார். ஒரு பாடகியின் வீச்சு என்னவென்று எனக்குப் புரிந்தது அந்தக் குமிழ் திரும்பியதில்தான்.

குமிழை எப்போதும் பாதியிலேயே நிறுத்தியது ஒருத்தருக்கு. நாகூர் ஈ.எம்.ஹனிபா. அவருக்கும் எங்களிடம் இரண்டு பெட்டி. தி.மு.க. கூட்டமென்றால் ‘அழைக்கின்றார் அண்ணா’. கந்தூரி என்றால் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. இந்த இரண்டாவது பாட்டைக் கோயில் திருவிழாக்காரர்களும் கேட்டு வாங்கிப் போடுவார்கள், யாரும் எதுவும் சொன்னதில்லை. சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம்தான். ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு பாடிய ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ எல்லோருக்கும் தெரிந்தது. மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். எங்கள் ஊருக்கு அவர் என்றைக்கும் மேடையில் நின்று பாடுகிற ஹனிபாதான்.

சீர்காழி கோவிந்தராஜனுக்குப் பெட்டியே கிடையாது. எந்த விசேஷமானாலும் முதலில் சுற்றுவது அவருடைய ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ என்பதால் அது பிளேயர் பக்கத்திலேயே கிடக்கும்.

எழுபதுகளின் பின்பாதியில் ஈஸ்வரிக்கு சினிமா வாய்ப்புகள் குறைந்தன. சினிமாப் பாட்டு மட்டுமே இருந்திருந்தால் பழைய ரிக்கார்டுகளோடு அவரும் பரணுக்குப் போயிருப்பார். அம்மன் பாட்டுதான் அவரை ஒவ்வொரு ஆடியிலும் கோயில் மேடைக்குக் கூட்டி வந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் கூப்பிடாத வருஷங்களிலும் தெருமுனை மாரியம்மன் கோயில்கள் கூப்பிட்டன. 2011-இல் ‘ஒஸ்தி’ படத்தில் ‘கலாசலா’ வந்தபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அப்பா டீக்கடை வாசலில் நின்று முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு, “இப்பவும் குமிழைக் குறைக்கணும்” என்று சொன்னார்.

அப்பா இப்போது இல்லை. போன ஆடி வெள்ளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோயிலில் பெரிய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்து, ஒரு பையன் பென்டிரைவில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ‘செல்லாத்தா’ தொடங்கியதும் சத்தம் கரகரத்தது. பக்கத்தில் போய், “தம்பி, இந்தப் பாட்டுக்குக் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா” என்றேன்.

“எந்தப் பாட்டுக்கும் இதே அளவுதான்க்கா வைப்பேன்.”

“இந்த அம்மாவுக்கு வேண்டாம்.”

குறைத்தான். கூழ் வாங்க நின்றிருந்த வரிசை வரைக்கும் சுத்தமாகக் கேட்டது.