வேலை முடிந்த வீட்டுக்குத் திரும்பப் போவது

பிப்ரவரி 4

புது வீடு, முதல் சந்திப்பு. ஹாலில் நான்கு சுவருக்கும் மார்பிள் எஃபெக்ட், அதாவது பெயின்டிலேயே பளிங்குக் கல் மாதிரி, வேண்டுமாம், போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார் அந்த அம்மா. நாலு பக்கமும் போட்டால் குகைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது, முதல் நாளே வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். கொண்டுபோன மூன்று மாதிரிப் பலகைகளை விட்டுவிட்டு, காலை வெளிச்சத்திலும் ராத்திரி விளக்கிலும் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவருடைய அப்பா மூலையில் உட்கார்ந்து என் பிரஷ் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 7

ராத்திரி ஒன்பதரைக்கு போன். "அண்ணா, அந்த சாம்பல் கலர் பகல்ல நல்லா இருக்கு, லைட் போட்டா பச்சையடிக்குது, என் கண்ணுதான் கோளாறோன்னு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிட்டேன்." கண்ணில் கோளாறு இல்லை, விளக்குதான் என்றேன். பலகையை ஒவ்வொரு சுவரிலும் பிடித்துப் பார்த்திருக்கிறார், கடைசியில் ஒரே சுவர் போதும் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 10

சுவர் அடியில் உப்பு பூத்திருக்கிறது. நேற்று பிளாஸ்டிக் ஷீட்டை ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன், இன்று பிரித்தால் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் இருந்தால் அறையின் ஈரம், உள்பக்கம் என்றால் சுவருடைய ஈரம். பின்னால் குளியலறை. குழாயைச் சரிசெய்து காய்ந்த பிறகுதான் தொடுவேன், அவசரம் என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 12

வேலையில்லாத நாள், பழைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். நெருங்கிப் பழகிய ஒரு வீடு. "இந்த அலமாரிக் கதவு மட்டும்" என்று ஆரம்பித்து, அப்புறம் பூஜை அறை ஸ்டென்சில், அப்புறம் மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் சும்மாதான், கடைசியில் பில் கொடுத்தபோது நமக்குள்ளே என்ன கணக்கு என்றார்கள். கோபம் அவர்கள் மேல் வரவில்லை, என் வாய் மேல் வந்தது. அதிலிருந்து கூடுதல் வேலை எதுவானாலும் அன்றே சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன், சிநேகிதம் என்றால் இன்னும் கறாராக. சும்மா செய்வதாக இருந்தாலும் தொகையை எழுதி, பக்கத்தில் "கழிவு" என்று போட்டுவிடுவேன். அந்த வீட்டோடு இன்று வரை பேச்சு இல்லை. நல்ல மனிதர்கள்தான்.

மார்ச் 16

போன் வந்தது, அந்த ஈரச் சுவர் வீடு! குழாய் சரியாகி, ஒரு மாதம் காய்ந்து, ஷீட் ஒட்டிப் பார்த்தால் சுத்தம். இன்று கிளேஸ் நாள், அடிக்கலர் தெரியும்படி மேலே பூசுகிற மெல்லிய பூச்சு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், நடுவில் நின்றால் ஒட்டுக்கோடு அப்படியே தெரியும், அதனால் பெரியவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலே சொல்லவில்லை. முடித்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீந்த கிளேஸும் மர ரேகை இழுக்கிற பழைய சீப்பும் ஒரு துண்டுப் பலகையும் கொடுத்து, இழுத்துப் பாருங்கள் ஐயா என்றேன். மர ரேகை நடுங்கித்தான் வந்தது, ஆனால் நிஜ மரத்திலும் நேர்கோடா இருக்கிறது?

மார்ச் 18

கணக்கு முடிந்தது. மீந்த பெயின்ட்டை சின்ன பாட்டிலில் ஊற்றி, ஷேடு நம்பர், கிளேஸ் விகிதம், தேதி ஒட்டிக் கொடுத்தேன். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுவைக்காதீர்கள், திட்டாகத் தெரியும், கூப்பிடுங்கள் என்று அந்த அம்மாவின் கணவரிடம் சொன்னேன். அவர்தான் வாசல் வரை ஏணியைத் தூக்கி வந்தார்.

ஏப்ரல் 5

அந்தப் பக்கம் போனேன், சுவர் அடியைத் தடவிப் பார்த்தேன், உப்பு இல்லை. பெரியவர் உள்ளே போய் ஆறு பலகைகளை எடுத்து வந்தார். சீப்பின் பல் ஒன்று உடைந்துவிட்டதாம், அட்டையை வெட்டிப் புதிதாகச் செய்திருக்கிறார், என்னுடையதைவிட நன்றாக இழுக்கிறது. ஒன்று கேட்டு வாங்கி வந்தேன்.